அடக்கமாக ஒரு குதி

"கோழி அடைகாக்கற மாதிரி குந்த வெச்சுக் குந்த வெச்சே எம் பொண்ணு முட்டியை முடிச்சுவிட்டுட்டீங்களே டீச்சர்! படிக்க அனுப்பினோமா, முட்டை போட அனுப்பினோமா?"

"சார், கொஞ்சம் உக்காந்து பேசுங்க."

"உக்காரணுமாம்! உக்காந்து உக்காந்துதான் இந்தக் கதி!"

தலைமையாசிரியை அறையின் கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் லாண்டரிக்காரரின் தொண்டைக்குக் கதவெல்லாம் எந்த மூலைக்கு? மூன்று சலவை இயந்திரங்கள் ஒரே நேரத்தில் கடகடக்கும் கடையில் நின்று வாடிக்கையாளரோடு பேசிப் பழகிய தொண்டை அது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் தாகமெடுத்த ஆசிரியைகள் அத்தனை பேருக்கும் அந்த அறைக்கு வெளியே இருந்த குழாய்தான் வசதியாகப் பட்டது. தம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றார்களே தவிர, ஒருவரும் குடித்ததாகத் தெரியவில்லை.

உள்ளே அவருக்கு எதிரே நின்றவர் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர் விசில் டீச்சர். முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். இந்த இரண்டாவது விஷயத்தில் அவரைவிடத் தெருவுக்குத்தான் கவலை அதிகம்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றார் விசில் டீச்சர். குரல் உயரவில்லை. "உங்க பொண்ணை யாரும் தள்ளல, யாரும் மேல மோதல. தானாக் குதிச்சா, தானா இறங்கினா. இறங்கறப்ப முட்டி ரெண்டும் உள்பக்கமா போச்சு. நான் அப்படிச் சொல்லித் தரல. வருஷம் ஆரம்பிச்சதிலேர்ந்து சரியாத்தான் இறங்கிட்டிருந்தா. திடீர்னு ஏன் மாத்தினா?"

"அதை எங்கிட்ட கேட்டா? விசில் உங்க கழுத்துல தொங்குதா, என் கழுத்துல தொங்குதா?"

குழாயடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லாண்டரிக்காரருக்கு அது காதில் விழுந்தது. தெம்பாகவும் இருந்தது.

தலைமையாசிரியை சண்டை என்றால் நெற்றியைத் தேய்த்துக்கொள்ளும் ரகம். தேய்த்துக்கொண்டே முடிவைச் சொன்னார்: "சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் வைக்கறேன். எல்லாரும் வந்து பேசட்டும். அதுவரைக்கும் அந்த உக்கார்ற பயிற்சி வேண்டாம், டீச்சர்."

விசில் டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். லாண்டரிக்காரர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்த தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். தேர்தலில் ஜெயித்தவன்கூட அப்படி நடந்து வரமாட்டான்.

அப்படி என்னதான் பயிற்சி அது என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுவது நல்லது. பெண்பிள்ளைகளின் வாலிபால் அணி அந்தப் பள்ளிக்குப் பெரிய பெருமை. விசில் டீச்சர் வந்த பிறகு, பந்தைத் தொடுவதற்கு முன்னால் தினமும் ஒரு கூத்து நடந்தது. பிள்ளைகள் வரிசையாக ஒரு மரப்பெட்டி மேல் ஏறிக் குதிப்பார்கள். இறங்கும்போது இடுப்பைப் பின்னால் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்காருவதுபோல் இறங்க வேண்டும். முட்டி இரண்டும் விலகி, அந்தந்தக் கால்விரலுக்கு நேராக நிற்க வேண்டும். சத்தம் கேட்கவே கூடாது. 'தொப்'பென்று கேட்டால் திரும்ப ஏறு என்பார் டீச்சர். அப்புறம் ஒற்றைக்காலில் நிற்பது, பக்கத்தில் இருப்பவள் தோளைத் தள்ளத் தள்ள விழாமல் தாக்குப்பிடிப்பது. அப்புறம் மண்டியிட்டு, தோழி ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மரம் சாய்வதுபோல் மெல்ல முன்னால் சாய்வது. எல்லாம் முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு கிழியாமல் இருக்கத்தான் என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். எதற்கு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். தெருவுக்குக் கூத்து மட்டும்தான் தெரியும்.

தெருவுக்கு எப்படித் தெரிந்தது என்றால், மைதானத்தின் கம்பி வேலிக்கு நேர் எதிரேதான் லாண்டரி. அதை ஒட்டி மூக்குக்கண்ணாடிக் கடை. சாயங்காலம் துணி வாங்க வருகிறவர்கள், கண்ணாடிக்குப் பவர் பார்க்க வருகிறவர்கள், ஒன்றுமே வேண்டாமல் சும்மா வருகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் பொழுதுபோக்கு. லாண்டரிக்காரரின் மகள் அணித் தலைவி. பதினொன்றாம் வகுப்பு. அப்பாவைவிட ஒரு சாண் உயரம். பிள்ளைகள் அவளை ஏணி என்பார்கள். கூட்டத்தில் முதலில் கண்ணில் படுவதும் அவள்தான்.

"அண்ணே, உங்க பொண்ணு ஏதாச்சும் தொலைச்சுட்டாளா? தரையிலயே தேடிட்டிருக்காளே?" என்பார் கண்ணாடிக்கடைக்காரர்.

"உங்க கடைக் கண்ணாடியைப் போட்டிருப்பா. அதான் எதுவும் தெரியல," என்று லாண்டரிக்காரர் திருப்பிக் கொடுப்பார். இதுவரைக்கும் எல்லாம் சிரிப்புதான்.

ஒரு நாள் சட்டையைத் தேய்த்து வாங்க வந்த ஒரு வாலிபன் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டையில், கால்களை அகட்டி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் பக்கத்தில் நின்றவனின் தோளை இடித்து ஏதோ சொன்னான். சொன்னது லாண்டரிக்காரருக்குக் கேட்கவில்லை, சிரித்ததுதான் கேட்டது. அது கண்ணாடிக்கடைக்காரர் சிரிக்கிற சிரிப்பு இல்லை. அன்றைக்கு அந்த வாலிபனின் சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் கூடுதலாகத் தங்கி மஞ்சளாக ஒரு தழும்பு விழுந்தது. கை தவறிவிட்டது என்றார் லாண்டரிக்காரர். கை என்ன தவறியது! மனசுக்குள் ஒன்று சுருக்கென்று தைத்தது. அதை அவன் சட்டையில் தேய்த்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் சட்டையோடு அது தீரவில்லை.

பயிற்சி முடிந்ததும் மகள் கடைக்கு வந்து படுக்கைவிரிப்புகளை மடிக்க உதவுவது வழக்கம். பெரிய விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விலகிப் போய், உதறி, நெருங்கி வந்து, முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். அப்பாவும் மகளும் முக்கியமான பேச்செல்லாம் அப்போதுதான் பேசுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. நடுவே துணி இருக்கும்.

"கண்ணு," என்றார் அன்றைக்கு. "கொஞ்சம் அடக்கமாக் குதிக்கலாம்ல?"

"அடக்கமான்னா?"

"அடக்கமான்னா... அடக்கமா. உங்கம்மா பஸ்ஸிலேர்ந்து இறங்குவால்ல, அந்த மாதிரி."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வாலிபால்ல பஸ் ஸ்டாப் கிடையாதுப்பா!"

அவர் சிரிக்கவில்லை. விரிப்பை உதறினார். அவள் சிரிப்பு மெதுவாக நின்றது.

"யாராவது ஏதாவது சொன்னாங்களாப்பா?"

"சொல்றவன் சொல்லிட்டுத்தான் இருப்பான். நாலு பேர் பாக்கற எடம். நாமதான் பாத்துக்கணும்."

அவள் குனிந்து தன் முட்டிகளைப் பார்த்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து வீட்டில் சோபாவில், பள்ளியில் பெஞ்சில், விசேஷ வீட்டில் நாற்காலியில் என்று அவள் கேட்டு வளர்ந்த சொல் அது. காலை ஒடுக்கி உட்காரு, அடக்கமா உட்காரு. அப்பா சொல்லாமல் விட்டதெல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. முட்டி, கால், அகட்டாதே என்று மகளிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டி வரவில்லையே என்று அவருக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரே வார்த்தையில் வேலை முடிந்தது. மடித்த விரிப்பை அடுக்கில் வைத்தார்.

மேட்ச் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போனார். மகள் குதித்து அடித்தாள். இறங்கும்போது கால்களை ஒட்டி, நிமிர்ந்து, மடிப்புக் கலையாத சட்டை மாதிரி இறங்கினாள். பார்க்க நறுவிசாகத்தான் இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று அவர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். பக்கத்தில் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்த கண்ணாடிக்கடைக்காரரைப் பெருமையாக ஒரு பார்வைகூடப் பார்த்தார்.

அடுத்த பந்துக்கு அவள் எம்பினாள், அடித்தாள், இறங்கினாள். பொத்தான் தெறித்ததுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டாள். பக்கத்தில் ஈ, காக்கை இல்லை.

ஒட்டி இறங்கியதையும் ஒடிந்து விழுந்ததையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. மாதக்கணக்காகக் குந்த வைத்ததில் முட்டி தேய்ந்துவிட்டது என்று கண்ணாடிக்கடைக்காரர் சொன்னார். சரியாகத்தான் இருக்கும் என்று பட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் தொண்டையைத் திறந்துவிட்டார்.

சண்டை நடந்ததற்கு அடுத்த நாள் எலும்பு டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன்தான் என்றார். மகளின் அம்மா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், பாதி டாக்டர். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். லாண்டரிக்காரர் தயாராக வந்திருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் அனுப்பிய வீடியோவைத் திறந்து டாக்டரம்மா முன்னால் நீட்டினார்.

"நீங்களே பாருங்க டாக்டர். எப்படி இருந்த பொண்ணு! அந்த டீச்சர் செஞ்ச வேலை இது. சனிக்கிழமை கூட்டம் இருக்கு, ரெண்டு வரி நீங்க எழுதிக் குடுத்தா நல்லா இருக்கும்."

டாக்டரம்மா பார்த்தார். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தி, அவர் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்க. கால் தரையில படுது. முட்டி ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்து உள்ள சாயுது. தெரியுதா? இடுப்பு மடங்கவே இல்ல, வெறச்சாப்ல இறங்கறா. இப்படி இறங்கினா மொத்த பாரமும் அந்த ஜவ்வு மேல முறுக்கிக்கிட்டு விழும்." பிறகு மகளைப் பார்த்தார். "உங்க டீச்சர் என்னம்மா சொல்லிக் குடுத்தாங்க?"

"முட்டி விரலுக்கு நேரா... இடுப்பு பின்னாடி... சத்தம் வரக்கூடாது," என்றாள் மகள். பாடம் ஒப்பிப்பதுபோல.

"அதானே சரி! அதை ஒழுங்காச் செய்யற டீம்ல இந்த அடி ரொம்பக் குறைச்சல். அவங்களைப் பத்தியா நான் எழுதித் தரணும்? பாராட்டி வேணா எழுதறேன்." டாக்டரம்மா மறுபடி படத்தைப் பார்த்தார். "அப்புறம் யாரு உன்னை இப்படிக் காலைச் சேத்து இறங்கச் சொன்னது?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான்," என்றாள்.

லாண்டரிக்காரருக்கு அது சுட்டது. இஸ்திரிப் பெட்டியை வெறுங்கையால் தொட்டால்கூடக் கையை எடுத்துவிடலாம். இதை எங்கே எடுத்து எங்கே வைப்பது? அவள் அவரைக் காட்டிக்கொடுத்திருந்தால் மறுத்துக் கத்தியிருப்பார். அது அவருக்குக் கைவந்த கலை. அவள் காப்பாற்றிவிட்டாள். கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்துகொண்டு, உடம்பு முழுக்க வலியோடு, இரண்டு கால் நன்றாக இருக்கிற அப்பனைக் காப்பாற்றினாள். கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

தெருவில் அவருக்கு வேறு மாதிரி வரவேற்பு. "கேட்டீங்களே ஒரு கேள்வி! விசில் யார் கழுத்துல தொங்குதுன்னு!" என்று கண்ணாடிக்கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அணியில் பிள்ளைகள் உள்ள பெற்றோர் இரண்டு மூன்று பேர் கடைக்கே வந்து, கூட்டத்தில் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் கைகூடக் குலுக்கினார். லாண்டரிக்காரர் எல்லாவற்றுக்கும் "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அடக்கமான மனுஷன் என்று தெருவே மெச்சியது. அந்த வார்த்தை காதில் விழுந்தபோது அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். அப்படியும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வீட்டில் மனைவி விடவில்லை. "டாக்டர் கேட்டப்ப அவ ஏங்க உங்களைப் பாத்தா?"

"எங்க பாத்தா?"

"நான் அங்கதானே உக்காந்திருந்தேன்? எனக்குக் கண்ணு இல்லையா?"

"வலியில பாத்திருப்பா."

"வலி வந்தா அவ என்னைத்தான் பாப்பா," என்றாள் மனைவி. அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவர் விளக்கை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விசில் டீச்சர் கடைக்கு வந்தார். சண்டைக்கு முன்பே வெளுக்கப் போட்டிருந்த துணிகளை வாங்கத்தான். கண்ணாடிக்கடைக்காரர் தன் கடையில் ஒரே கண்ணாடியை விடாமல் துடைத்துக்கொண்டிருந்தார். இதைவிடப் பளிச்சென்று அந்தக் கண்ணாடி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

லாண்டரிக்காரர் பொட்டலத்தை எடுத்து வைத்தார். "காலர் கொஞ்சம் நைஞ்சிருக்கு டீச்சர். அடுத்த தடவை தண்ணியில அதிகம் ஊறாமப் பாத்துக்கறேன்."

"பொண்ணு எப்படி இருக்கா சார்?"

"இருக்கா. ஆபரேஷன் தேதி குடுத்திருக்காங்க."

டீச்சர் பொட்டலத்தின் நூலை நிமிண்டிக்கொண்டே நின்றார். "கூட்டத்துல என்ன பேசுவீங்கன்னு கேக்க வரல சார். எம் மேலயும் தப்பு இருக்கு. மேட்ச் அன்னிக்குக் காலையில வார்ம்-அப்லயே அவ முட்டி உள்ள போறதைப் பாத்தேன். கேட்டேன். ஒண்ணும் இல்ல டீச்சர்னு சொன்னா. பயமா இருக்கும், மேட்ச் டென்ஷன்னு விட்டுட்டேன். விடாம இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பா. நாலு ராத்திரியா அதேதான் மனசுல ஓடுது."

சொல்ல வேண்டிய இடம் இதைவிட வாகாக யாருக்கும் அமையாது. கடையில் வேறு ஆள் இல்லை. இயந்திரங்கள்கூட ஓடி முடிந்து நின்றிருந்தன. 'டீச்சர், நான்தான்' என்ற இரண்டு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. தலைமையாசிரியை அறையைக் கிடுகிடுக்க வைத்த தொண்டை அது. அதில் அந்த இரண்டு சொல் அடைத்துக்கொண்டு நின்றது.

"இன்னும் ஒரு சட்டை இருக்குன்னு நெனைக்கறேன், பாக்கறேன்," என்று உள்ளே போனார். சட்டை எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். தொங்கும் துணிகளுக்கு நடுவே, யாருடையவோ கோட்டுக்கும் யாருடையவோ திரைச்சீலைக்கும் இடையே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார். "இல்ல டீச்சர். எல்லாம் குடுத்தாச்சு."

"சரி சார்," என்று அவர் போய்விட்டார்.

சனிக்கிழமை பள்ளி அரங்கில் நாற்காலி பற்றவில்லை. வம்பு என்றால் நம்மவர்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். தலைமையாசிரியை நெற்றியைத் தேய்த்தபடி மேடையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி காலி. கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து, "முதல்ல நம்ம லாண்டரி அண்ணன் பேசட்டும்," என்றார். கைதட்டல் வேறு.

லாண்டரிக்காரர் மேடைப் படியருகே போய் நின்றார். ஒலிவாங்கி கொடுத்தார்கள். அவருக்கு ஒலிவாங்கி தேவைப்பட்ட முதல் நாள் அதுதான். குரல் அவ்வளவு சன்னமாக வந்தது.

"எம் பொண்ணுக்கு... டீச்சர் சொல்லிக்குடுத்த மாதிரி அவ இறங்கியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. டாக்டர் சொல்லிட்டாங்க. அவ வேற மாதிரி இறங்கிட்டா."

அரங்கில் சலசலப்பு. "ஏன் அப்படி இறங்கினா?" என்றார் தலைமையாசிரியை.

"அப்படி இறங்கச் சொன்னாங்க."

"யாரு?"

"நாலு பேரு... வெளிய நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்கள்ல..."

"எந்த நாலு பேருண்ணே? பேரைச் சொல்லுங்க, பாத்துக்கலாம்!" என்று கண்ணாடிக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். சிரிப்பு எழுந்தது.

லாண்டரிக்காரர் அவரைப் பார்த்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நாலு பேர் மேல் போட்டுவிட்டு இறங்கியிருந்தால் ஊரே நம்பியிருக்கும். நாலு பேர் என்று ஒருவரும் இல்லாததால் யாருக்கும் கோபம் வந்திருக்காது.

"நான்தான்," என்றார். "நான்தான் சொன்னேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. பின்வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா கேட்டாள்: "அப்படி என்ன சொன்னீங்க சார்? தெரிஞ்சா நாங்களும் எங்க பொண்ணுங்ககிட்ட அதைச் சொல்லாம இருப்போம்ல?"

குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதனால்தான் அவருக்குத் தப்பிக்க வழியில்லாமல் போனது. வாயைத் திறந்தார். மகளின் முட்டியைப் பற்றி, கால்களைப் பற்றி, இத்தனை ஆம்பளைகள் முன்னால் எப்படிச் சொல்வது? ஒலிவாங்கியை மேடை ஓரத்தில் வைத்தார். மேடைப் படியில் ஏறினார். தொப்பையோடு, இஸ்திரி போட்ட கால்சட்டையோடு, எல்லாரும் பார்க்கக் குதித்தார்.

முதல் தடவை இடுப்பைப் பின்னால் தள்ளி, முட்டிகளை அகட்டி, குந்தி இறங்கினார். "டீச்சர் சொன்னது இது."

மறுபடி ஏறினார். இரண்டாவது தடவை முட்டியோடு முட்டியை ஒட்டி, விறைப்பாக இறங்கித் தடுமாறி, மேடையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னது இது. டீச்சர் சொன்னது பாக்க நல்லா இல்லன்னு... அடக்கமாக் குதின்னு சொன்னேன்."

முதலில் சிரித்தவர் கண்ணாடிக்கடைக்காரர்தான். பிறகு அரங்கே சிரித்தது. லாண்டரிக்காரர் கைகளைக் கோத்துக்கொண்டு, சிரித்து முடிக்கட்டும் என்பதுபோல் நின்றார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. கைக்குழந்தைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் அதையேதான் சொல்லிட்டிருக்கோம்," என்றாள், பக்கத்தில் நின்றவளிடம். பக்கத்தில் நின்றவள் தன் கால்களைப் பார்த்தாள். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

தலைமையாசிரியை மெல்லச் சொன்னார்: "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"அன்னிக்கு உங்க ரூம்ல கத்தினப்ப எனக்குத் தெரியாது மேடம்."

அது உண்மைதான். வெள்ளிக்கிழமை தெரியும். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"டீச்சர் வரலையா?" என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னிக்குக் காலையில ராஜினாமா குடுத்துட்டாங்க. வேற ஊர் ஸ்கூல்ல கூப்பிட்டிட்டே இருந்தாங்களாம். நேத்து சாயங்காலம் வரைக்கும் போறதா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருந்ததாச் சொன்னாங்க."

நேற்று சாயங்காலம் லாண்டரிக்காரர் தன் கடையில் கோட்டுக்கும் திரைச்சீலைக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனபோது மகள் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். செய்தி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. யாரோ அவர் குதித்ததைப் படமெடுத்து அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார்கள்.

"சொல்லிட்டேன் கண்ணு," என்றார் வாசற்படியிலேயே நின்று.

பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அவள் முகம் சிவந்தது. "உங்களை யாருப்பா சொல்லச் சொன்னது? நான் எதுக்கு டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்? உங்களுக்காக மட்டும்தான்னு நெனச்சீங்களா? டீச்சர் தினம் தினம் சொன்னதை விட்டுட்டு நீங்க ஒருநாள் சொன்னதைக் கேட்டேன்பா நான். எனக்கு எது சரின்னு தெரியும். தெரிஞ்சும் கேட்டேன். நான் டீம் கேப்டன். இப்ப டீம் முழுக்கத் தெரிஞ்சு போச்சு."

தன் வெட்கம் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது என்று இருந்தவர் அவர். அவளுக்கும் ஒன்று இருந்தது. அதை அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். கேட்காமலே அதையும் எடுத்து மேடையில் போட்டுவிட்டார்.

"டீச்சர்கிட்ட சொன்னீங்களா?" என்றாள் கொஞ்சம் கழித்து.

"அவங்க போயிட்டாங்க கண்ணு."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினாள். அவர் தன் கைப்பேசியைக் கொடுத்தார். "கதவைச் சாத்திட்டுப் போங்க." சாத்திவிட்டுப் போனார். உள்ளே டீச்சரிடம் என்ன பேசினாள், டீச்சர் என்ன சொன்னார் என்பது இன்றுவரை தெருவில் யாருக்கும் தெரியாது. கேட்டுப் பார்க்காமல் இல்லை.

கூத்து மறுபடி ஆரம்பித்தது. விசில் டீச்சர் இடத்தில் கணக்கு டீச்சர் நின்று சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தார். அடுத்த வருஷம் கண்ணாடிக்கடைக்காரரின் கடைசி மகளும் அணியில் சேர்ந்தாள். அதிலிருந்து கண்ணாடிக்கடை ஜன்னலுக்குத் திரை வந்துவிட்டது, வெயில் அடிக்கிறதாம். அந்தப் பக்கம் வெயில் அடிக்காது என்பதைச் சொல்ல நமக்கென்ன வந்தது?

மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடந்தாள், அப்புறம் ஓடினாள். அணிக்குத் திரும்பவில்லை. விசில் டீச்சர் போன ஊரில் அங்கேயே வேலை பார்க்கும் ஒரு கட்டட மேஸ்திரியைக் கல்யாணம் செய்துகொண்டார். தெருவின் பெரிய கவலை ஒன்று அப்படித் தீர்ந்தது. கல்யாணப் பத்திரிகை மகள் பெயருக்கு மட்டும் வந்தது. லாண்டரிக்காரர் அவளுடைய புதுத் துணியைத் தானே தேய்த்துக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிட்டு வந்து கடையைத் திறந்தார்.

பள்ளி முடித்த பிறகு மகள் படிக்கப் போனதும் அதே ஊருக்குத்தான். டீச்சர் வீட்டு மாடியில் ஓர் அறை. கொண்டுவிட அப்பா போனார். டீச்சர் கேட் வரைக்கும் வந்து, "உள்ள வாங்க சார், காபி சாப்பிடலாம்," என்று கூப்பிட்டார். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. லாண்டரிக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது என்று மகள் பிறகு அம்மாவிடம் சொன்னாளாம். அவள் படிப்பு முடிந்து அந்த ஊரிலேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். அம்மா மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அப்பா பஸ் நிலையம் வரைக்கும் போகிறார்.